உச்சியில் போட்ட முடிச்சு

பிளேக் பரவியிருந்த வருஷம் அது. மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலை நேரம், ஆம்பூர் ஸ்டேஷனில் பட்டணத்து ரயிலில் ஏறினேன். நான் படம் எழுதுகிறவன். ஊர் ஊராகச் சுற்றி, சந்தை, ரயிலடி, ஆற்றங்கரை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பென்சிலில் பிடித்துக்கொண்டு வருவேன். பட்டணத்தில் நண்பர் ஒருவர் கொடுத்திருந்த மாடியறையில் உட்கார்ந்து அவற்றை வர்ணப் படமாக்குவேன். வருஷம் தவறாமல் நடக்கும் சித்திரக் கண்காட்சியில் அவை தொங்கும். எப்போதும் மூன்றாம் வகுப்பில்தான் பயணம். முதல் வகுப்பில் ஏறினால் முகமே அகப்படாது, விரித்துப் பிடித்த பத்திரிகைதான் அகப்படும்.

அந்தத் தடவை நான் ஆம்பூருக்குப் போனது தோல் பதனிடும் ஷாப்புகளை வரைய. சுண்ணாம்புக் குழிக்குள் இடுப்பளவு நின்றுகொண்டு ஆட்கள் தோலைப் புரட்டுவார்களே, அதை ஒரு பெரிய படமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. போனால் பாதிக் குழிகளில் ஆளே இல்லை. பிளேக்குக்குப் பயந்து பல பேர் ஊரைவிட்டே ஓடியிருந்தார்கள். வந்த காரியம் கெட்டுப்போன எரிச்சலில்தான் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். ஊரே செத்துக்கொண்டிருந்தபோது எனக்கு என் படத்தைப் பற்றிய கவலை. கலைஞர்கள் அப்படித்தான் என்று யாராவது சமாதானம் சொன்னால் எனக்கு இப்போது கோபம் வருகிறது.

எனக்கு நேர் எதிரே ஒரு பெண், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு வயதிருக்கும். அவள் கைகள் இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் செம்பழுப்பாக இருந்தன. தோல் பதனிட ஆவாரம் பட்டை இடிக்கிறவர்களுக்கு அந்தச் சாயம் எத்தனை தேய்த்தாலும் போகாது. குழந்தையைக் கழுத்து வரைக்கும் ஒரு பழம்புடவையால் சுற்றியிருந்தாள். குளிருக்காகவோ என்னவோ, முகத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியும் கட்டியிருந்தது. உச்சந்தலையில் முடிச்சு. முடிச்சின் இரண்டு முனைகளும் முயல் காது மாதிரி நின்றன. பார்க்க அவ்வளவு அழகு.

குழந்தைகளை வரைவதில் எனக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. தாய்மார்கள் விடமாட்டார்கள். படம் எழுதினால் பிள்ளைக்கு ஆயுசு குறையும் என்று ஒரு பயம். திருப்பத்தூர்ச் சந்தையில் ஒருத்தி துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். அதனால் இவளிடமும் பயந்து பயந்துதான் கேட்டேன். அவள் கொஞ்சநேரம் என்னையே பார்த்தாள்.

"எழுதிக்கோ சாமி. இனிமே அதுக்கு இன்னா வந்துடப் போவுது?" என்றாள்.

பரவாயில்லையே, இந்த மாதிரி பயமெல்லாம் இல்லாத பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அட்டையில் காகிதத்தைக் குத்தி வேலையை ஆரம்பித்தேன். தூங்குகிற குழந்தை என்றாலும் சும்மா கிடக்காது. உதட்டைச் சப்பும், சிரிக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்தக் குழந்தை அசையவேயில்லை. இப்படி ஒரு குழந்தை அகப்பட்டது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

வரைகிறவர்கள் எதிராளியோடு பேச்சுக் கொடுப்பது வழக்கம். வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டேன்.

"அவரக் கொட்டாய்க்கு இட்டுகினு போனாங்க சாமி. போனவருதான்," என்றாள். காய்ச்சல் கண்டவர்களை ஊருக்கு வெளியே அடைத்து வைக்கும் பிளேக் கொட்டகையைத்தான் சொன்னாள். "எங்க பொதைச்சாங்கன்னு கூட காட்டல. குழி நெறையச் சுண்ணாம்பக் கொட்டி மூடிட்டாங்களாம். பொழுதுக்கும் சுண்ணாம்புக் குழியில நின்ன மனுசன் சாமி அவரு. செத்தும் அதுலதான் கெடக்கறாரு."

பென்சிலைச் சீவிக்கொண்டேன். வாலாஜா ரோடில் அவளுடைய அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பார் என்று அவளே சொன்னாள். அதுவரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

காட்பாடியில் பிளேக் பரிசோதனை. வழக்கமாக எல்லோரையும் இறக்கிப் பிளாட்பாரத்தில் வரிசையாக நிறுத்தி, நாடி பிடித்து, கக்கத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காய்ச்சல் இருந்தால் நேரே கொட்டகைதான். ரயிலில் யாராவது செத்திருந்தால் உடலை அவர்களே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உறவுக்காரர்கள் எவ்வளவு அழுதாலும் கிடைக்காது. அன்றைக்கு மழை வலுத்துவிட்டதால் டாக்டரே ஒரு போலீஸ்காரரோடு பெட்டிக்குள் ஏறி வந்தார்.

அந்தப் பெண் என் பக்கம் குனிந்தாள். "நிறுத்தாத சாமி. எழுதிக்கினே இரு," என்றாள். குரலே எழும்பவில்லை. பரிசோதனை என்றாலே எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வரும். அவளும் அப்படித்தான் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

டாக்டர் அவளிடம் வந்து, நாடியைப் பார்த்து, நெற்றியில் புறங்கையை வைத்தார். பிறகு குழந்தையின் பக்கம் கையை நீட்டினார். எனக்குத் திக்கென்றது. குழந்தையின் நெற்றியும் கன்னமும்தான் அப்போது காகிதத்தில் வந்துகொண்டிருந்தன.

"ஒரு நிமிஷம் சார்! தொட்டா முழிச்சுக்கும். என் படம் போயிடும்," என்றேன்.

அவர் என் அட்டையை எட்டிப் பார்த்தார். "அடடே, அச்சு அசலா இருக்கே! நல்லாத் தூங்கட்டும்," என்று சிரித்துக்கொண்டே அடுத்த ஆளிடம் போய்விட்டார். ரயில் கிளம்பிய பிறகு அவளைப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் அவள் முகமெல்லாம் வியர்த்து வழிந்தது.

வாலாஜா ரோடு நெருங்கும்போது, "காட்டு சாமி," என்று கேட்டாள். அட்டையைத் திருப்பிக் காட்டினேன். சாயம் ஏறிய விரலை வைத்து அழுக்காக்கிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கண்ணு தெறந்தாப்ல எழுத முடியாதா?"

"தூங்கற குழந்தைக்குக் கண்ணை நான் எங்கேம்மா போய்த் தேடறது?" என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. இறங்கப் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

அவளுடைய அப்பா மழையில் நனைந்துகொண்டு நின்றிருந்தார். குழந்தையை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் வண்டிக்குள் வைக்கோலின் மேல் படுக்க வைத்தார். பேரக்குழந்தையை ஒரு முத்தம்கூடக் கொடுக்காமல் வாங்குகிறாரே, என்ன மனுஷன் என்று நினைத்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். படம் எழுதியதற்கு இவ்வளவு பெரிய கும்பிடா என்று எனக்குப் பெருமை வேறு.

அந்த வருஷக் கண்காட்சியில் அந்தப் படம்தான் பேச்சு. 'நித்திரை' என்று பெயர் வைத்திருந்தேன். துரைமார்களும் நம்மவர்களும் கூட்டமாக நின்று, என்ன அமைதி, என்ன நிம்மதி என்று சொன்னார்கள். முயல் காது முடிச்சைக் காட்டிக் குழந்தைகள் சிரித்தன. ஒரு பெரிய மனிதர் தம் படுக்கையறைக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குக் கால் தரையிலேயே பாவவில்லை.

இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கும் ஒரு குழந்தை இருந்தது. சில வருஷங்களுக்கு முந்தி நான் ஏலகிரிப் பக்கம் படம் எழுதப் போயிருந்தபோது, காய்ச்சல் கண்டு போய்விட்டது. தந்தி என்னைத் தேடிப் பிடித்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாக் காரியமும் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு என் மனைவி என் படங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அந்த வருஷம் அவளுடைய அக்கா வற்புறுத்தி, பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்த நேரத்தில் கண்காட்சிக்கு அழைத்துவந்தாள். நான் வாசலில் ஜட்காவை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். போன சுருக்கில் என் மனைவி மட்டும் தனியாக வெளியே வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். வண்டி கொஞ்சதூரம் போனபிறகுதான் பேசினாள்.

"அந்தக் குழந்தை தூங்கலீங்க."

எனக்குப் புரியவில்லை.

"குளிருக்குக் கட்டினா தலையோட சுத்தி, தாடைக்குக் கீழ முடிச்சுப் போடுவாங்க. இது தாடையத் தூக்கி உச்சியில முடிச்சுப் போட்டிருக்கு. வாய் திறந்துக்காம இருக்கக் கட்டற கட்டு. நம்ம குழந்தைக்கு நான்தான் கட்டினேன். நீங்க பார்த்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். ஆயுசு குறையுமே என்று அந்தத் தாய் ஏன் பயப்படவில்லை, டாக்டர் வந்தபோது ஏன் எழுதிக்கினே இரு என்றாள், அந்தப் பெரியவர் ஏன் முத்தம் கொடுக்கவில்லை என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. புருஷனைத்தான் சுண்ணாம்புக் குழிக்குக் கொடுத்தாயிற்று, பிள்ளையையாவது தன் ஊர் மண்ணில் வைக்க வேண்டும் என்றுதான் அவள் மடியில் பிணத்தோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஜட்காக்காரன் திரும்பிப் பார்க்கும்படி நான் வாய்விட்டு அழுதேன்.

"அந்தக் குழந்தையோட அம்மா உங்ககிட்ட ஏதாவது கேட்டாளா?" என்றாள் என் மனைவி. கண் திறந்தாற்போல் எழுதக் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "நம்ம குழந்தையோட கண்ணு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது. மறுநாளே சின்னதாக ஒரு படம் எழுத ஆரம்பித்தேன். அந்தத் தாயின் மடி, அந்தக் குழந்தையின் முகம், எங்கள் குழந்தையின் கண்கள். தாடையில் கட்டியிருந்த துணியை எழுதவில்லை. முதல் தடவையாக என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் பழுப்பு, இன்னும் கொஞ்சம் ஈரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

படத்தை எடுத்துக்கொண்டு வாலாஜா ரோடுக்குப் போனேன். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, யாரைக் கேட்பது? வண்டிக்காரர்களைக் கேட்டேன். பாலாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிராமம் கிராமமாக அலைந்தேன். வெளியூர்க்காரன் செத்த குழந்தையைப் பற்றி விசாரித்தால் பிளேக் சோதனைக்கு வந்த ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. படத்தோடு திரும்பி வந்தேன்.

அந்தப் பெரிய மனிதர் வீட்டில் 'நித்திரை' இன்னும் தொங்குகிறது. அவர்களிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவள் அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை நாங்கள் எதற்குச் சொல்ல வேண்டும்? இன்றைக்கு இங்கே எழுதுவதுகூட யார் பெயரும் இல்லாமல்தான். கண் திறந்த படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள், இறந்துபோன குழந்தையா, படத்துக்குப் பூ வைக்கவில்லையே என்று கேட்பார்கள். உயிரோடு பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தையின் படத்துக்கு யாராவது பூ வைப்பார்களா என்பாள் என் மனைவி. எனக்கு மட்டும் அந்தப் படத்தின் எதிரில் அதிக நேரம் நிற்க முடிவதில்லை. அன்றைக்கு ரயிலில் அவள் கேட்டபடியே, யாருடைய கண்ணையாவது இரண்டு கோட்டில் எழுதிக் கையில் கொடுத்திருந்தால், அந்தக் குழந்தை அவளிடமே விழித்துக்கொண்டு இருந்திருக்கும் என்ற நினைப்பு என்னைவிட்டுப் போகவேயில்லை.