சமதள ரோடு எங்கே இருக்கு?

போன வருடம் மழை பிடித்துக்கொண்டிருந்த மாதங்களில் நடந்தது இது. எங்களுக்குத் தலவாக்கலை பஜாரில் ஒரு பலசரக்குக் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. என் வீட்டுக்காரர் பல வருடமாகக் கடை லொறியைத் தானே ஓட்டி, வட்டகொடை, அக்கரபத்தனை என்று சுற்றியிருக்கிற தோட்டத்துக் கடைகளுக்கெல்லாம் சாமான் போட்டவர். மூட்டை தூக்கித் தூக்கி முதுகில் வட்டு விலகிவிட்டது. கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார் டாக்டர். கூடவே ஒரு குண்டையும் போட்டார். வழியில் குலுக்கல் ஆகாது, வண்டி பலமாக ஒரு தடவை வெட்டி இழுத்தால் மறுபடியும் ஆபரேஷன் மேசைதான் என்றார். வேன் வேண்டாம், காரில் முன் சீட்டை நன்றாகச் சாய்த்துப் படுத்தபடி மெதுவாகப் போங்கள் என்றும் அவரே சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, அங்கே கிடந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் எங்கள் கார் குலுக்குவதற்கென்றே பிறந்த கார்.

ஜப்பானில் ஓடிக் கழித்து இங்கே வந்த வண்டி அது. கிளட்ச் மிதி கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். வாங்கிய புதிதில் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு என்ன கண் பட்டதோ, மெதுவாகப் போகும்போதெல்லாம் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. பஜாருக்குள் ஊர்ந்தால் உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் ஆமாம் சாமி போடுகிற மாதிரி தலை ஆடும். அந்த வண்டியில் முதுகைக் கீறித் தைத்த மனுஷனை எப்படிக் கூட்டி வருவது? வாடகைக் கார் பிடிக்கலாமென்றால் ஆஸ்பத்திரிக்குக் கட்டியது போகக் கையில் காசில்லை.

கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் எண்ணெயை மாற்று என்றார். இன்னொருவர் எண்ணெயைத் தொட்டால் வண்டி அவ்வளவுதான் என்றார். பெட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும் என்றார் ஒரு பள்ளிக்கூட மாஸ்டர். இந்த வண்டியை விற்றுத் தலை முழுகு என்றது பக்கத்துக் கடை அம்மா. கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் என் கொழுந்தனாரையும் அழைத்துக்கொண்டு ஹட்டனில் ஒரு கராஜுக்குப் போனேன். கொழுந்தனாரும் அண்ணனைப் போலவே லொறி ஓட்டிப் பழகியவர்தான்.

மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அந்த பாஸ் சின்ன வயசுக்காரர். ஸ்கேன் மெஷினை வண்டியில் மாட்டி, கியர் பாக்ஸின் பழைய பழக்கத்தையெல்லாம் அழித்தார். உள்ளே இரண்டு கிளட்ச் இருக்கிறதாம். ஒன்று ஒரு கியரைப் பிடித்திருக்கும்போதே மற்றது அடுத்த கியரைத் தயாராக வைத்திருக்குமாம். ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி தண்ணிக்குடம் வாங்குகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். இவள் பிடிக்கும் முன் அவள் விட்டால் டமார்.

"பழசெல்லாம் அழிச்சிட்டேன் அக்கா. இனி அது புதுசா படிச்சுக்கும்" என்றார் பாஸ்.

"என்னாத்த படிக்கும்? பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனைக்கா?"

"கிளட்ச் எந்த எடத்துல புடிக்குது, நீங்க எப்புடி மிதிக்கிறீங்க, அதெல்லாம் பாத்துக்கும். சமமான ரோட்டுல நிதானமா ஓட்டுங்க. எல்லா கியரும் ஏறி எறங்கணும். படிக்கிற நேரத்துல ஏத்தத்துல போட்டு வதைக்காதீங்க."

நான் கராஜ் வாசலில் நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் ஏற்றம், அந்தப் பக்கம் இறக்கம். "நம்ம பக்கத்துல சமமா இருக்கறது பள்ளிக்கூட கிரவுண்டும் ரயில் ரோடுந்தான் பாஸ். எதுல ஓட்டச் சொல்றீங்க?" என்றேன்.

"கம்பளைப் பக்கம் போங்கக்கா" என்று சிரித்தார். அதாவது ஒரு சமமான ரோட்டுக்காக நாங்கள் மலையை விட்டே இறங்க வேண்டும்!

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் அண்ணி" என்று கொழுந்தனார் சாவியை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கொட்டகலை ஏற்றத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று முன்னால் முக்கிக்கொண்டு போனது. நின்று நின்று ஏற வேண்டியதாகிவிட்டது. எங்கள் மலை டிரைவர்களுக்கு ஒரு ரோஷம் உண்டு. ஏற்றத்தில் நின்ற வண்டி ஒரு விரற்கடை பின்னால் வந்தாலும் அது அவர்களுக்கு மானக்கேடு. அதனால் பிரேக்கில் கால் வைக்கமாட்டார்கள். லொறியில் கிளட்சையும் எக்ஸலேட்டரையும் பாதி பாதி பிடித்து, அந்தரத்தில் நிறுத்தி வைப்பார்கள். கொழுந்தனார் இந்த வண்டியையும் அப்படியே எக்ஸலேட்டரை லேசாக அமுக்கி ஏற்றத்தில் நிறுத்திக்கொண்டு, "பாத்தீங்களா, கல்லு மாதிரி நிக்குது" என்று பெருமைப்பட்டார்.

கொஞ்ச நேரத்தில் வண்டி நடுங்கியது. கண்ணாடிக்குக் கீழே சிவப்பாக ஒரு பல்சக்கரப் படமும், பக்கத்தில் ஏதோ எழுத்தும் வந்தன. ஜப்பான் எழுத்து! அது வாழ்த்துகிறதா, திட்டுகிறதா, யாருக்குத் தெரியும்? ஓரமாக நிறுத்தி, போனில் படம் பிடித்துத் தமிழாக்கிப் பார்த்தோம். "பரிமாற்றம் சூடாக உள்ளது. பாதுகாப்பான இடத்தில் ஓய்வெடுக்கவும்" என்றது போன். கியர் பாக்ஸைத்தான் அது பரிமாற்றம் என்கிறது.

"யாருக்கு அண்ணி ஓய்வு? நமக்கா, வண்டிக்கா?" என்று கேட்டார் கொழுந்தனார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பாஸுக்கு போன் போட்டேன். எக்ஸலேட்டரில் நிறுத்தினால் கிளட்ச் தேய்ந்து சூடேறும், பிரேக்கை அமுக்கித்தான் நிற்க வேண்டும் என்றார். வண்டி ஆறிய பிறகு கராஜுக்குத் திருப்பிக்கொண்டு போய், படித்ததை மறுபடியும் அழித்து வாங்கினோம். "இப்ப சரியாயிருமா பாஸ்?" என்று கேட்டேன். "மெஷின்ல எல்லாம் சரின்னுதான் காட்டுது அக்கா. வண்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கும் முழுசா தெரியாது" என்றார். அந்த நேர்மையைப் பாராட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கொழுந்தனார் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். "நீங்களே ஓட்டுங்க அண்ணி. எனக்குக் கால் தானா எக்ஸலேட்டருக்குப் போகுது" என்றார். நான் லைசன்ஸ் எடுத்து அதிக நாளாகவில்லை. அதுவரை நான் ஓட்டிய தூரமெல்லாம் பஜாரிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும்தான். வேறு யாரைத் தேடுவது? முருகா என்று உட்கார்ந்தேன்.

நாவலப்பிட்டிக்குக் கீழே ரோடு கொஞ்சம் படுத்துக்கொடுத்தது. பாஸ் சொன்னபடி மெதுவாக மிதித்து, கியர் ஒவ்வொன்றாக ஏற விட்டேன். தொட்டில் பிள்ளையைத் தூங்க வைப்பது போல அவ்வளவு பதனமாக ஓட்டினேன். கம்பளை தாண்டுவதற்குள் வெட்டு குறைந்த மாதிரி இருந்தது. குறைந்ததா, நான்தான் அப்படி நினைத்துக்கொள்கிறேனா என்று கொழுந்தனாரைக் கேட்டேன். "கொறஞ்ச மாதிரிதான் இருக்கு. ஆனா இது ரோடு நல்லா இருக்கறதாலயும் இருக்கலாம்" என்றார். போச்சுடா என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரை நர்ஸ்மார் இரண்டு பேர் பிடித்து முன் சீட்டில் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். பெல்ட் போட்டு, மேலே சால்வையைக் கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டேன். சாதாரணமாக நான் ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவர் வாய் ஓயாது. இப்படித் திருப்பு, அங்கே பார், மாடு வருது, ஹோனை அடி என்று உயிரை வாங்குவார். அன்றைக்கு "மெதுவா போ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கினிகத்தேனை ஏறும்வரை ஒன்றும் இல்லை. அதற்கு மேலே மண் சரிந்து, பாதி ரோட்டை மூடியிருந்தார்கள். ஒரு பக்கத்தை நிறுத்தி ஒரு பக்கத்தை விட்டதில், நல்ல ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்தன. எது வரக்கூடாது என்று வேண்டினேனோ அதுவே வந்து நின்றது. ஊர்ந்தால் கியர் பாக்ஸ் சூடாகும். சூடானால் நடுங்கும். நடுங்கினால் பக்கத்தில் இருக்கிற முதுகு என்ன ஆகும்? உள்ளங்கை வேர்வையை மடியில் துடைத்துத் துடைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

நான் ஒன்று செய்தேன். முன் வண்டி நகர்ந்தாலும் நகராமல், பிரேக்கை அமுக்கிக்கொண்டு நின்றேன். முன்னால் நன்றாக இடம் விட்ட பிறகு, ஒரே இழுப்பாக மெதுவாக ஏறி மறுபடி நின்றேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹோனை வைத்து அமுக்கினார். நான் அசையவில்லை. கடைசியில் அவர் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் சத்தம் போட்டார். நானும் கண்ணாடியை இறக்கி, "லெடெக் இன்னவா, மல்லி!" என்று கத்தினேன். நோயாளி இருக்கிறார் தம்பி என்று அர்த்தம். கத்திய கத்தலில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அதற்குப் பிறகு ஹோன் சத்தம் வரவில்லை. ஏற்றம் முடியும்வரை அந்த பஸ் எங்களுக்குப் பின்னால் தள்ளியே வந்தது. முச்சக்கர வண்டி ஒன்று இடையில் புகப் பார்த்தபோது, பஸ்ஸைக் கொஞ்சம் நடுவில் போட்டு அதை மறித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். ரோடு விட்டதும் பஸ்காரர் எங்களைத் தாண்டிப் போனார். நன்றி சொல்லக் கையைத் தூக்குவதற்குள் வளைவில் மறைந்துவிட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

சிவப்புப் படம் வரவில்லை. கொட்டகலை ஏற்றத்திலும் வரவில்லை. என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவேயில்லை. "அண்ணன் நல்லா தூங்குது அண்ணி. வண்டி தண்ணி மாதிரி போகுது" என்று பின் சீட்டிலிருந்து கொழுந்தனார் கிசுகிசுத்தார். எனக்கு ஒரே பெருமிதம். இந்த வளைவுகளில் ஒரு நோயாளி தூங்குகிறார் என்றால் என் ஓட்டத்துக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்! கியர் பாக்ஸ் சோதனையில் பாஸாகிவிட்டது, நானும் பாஸாகிவிட்டேன் என்று மனசுக்குள் குதித்துக்கொண்டு வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

இறக்குவதற்காகச் சால்வையை எடுத்தேன். அவருடைய வலது கை பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையில் பெல்ட்டின் விளிம்பு சிவப்பாகக் கோடு போட்டு, ஒரு இடத்தில் தோலே உரிந்திருந்தது.

"தூங்கலையா நீங்க?" என்றேன்.

"எங்க தூங்குறது" என்றார்.

"அப்ப வண்டி குலுங்குச்சா?"

"வண்டி நல்லாதான் வந்துச்சு. நோவு எனக்குத்தான்."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன? நிப்பாட்டியிருப்பேன்ல!"

"நான் கத்தியிருந்தா நீ பயந்துருப்ப. அந்த ஏத்தத்துல நீ கைய மடியில தொடச்சு தொடச்சு ஓட்டுனத நான் பாத்தேன்" என்றார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வளைவையும் ஒரு சத்தம் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருக்கிறார், நான் பக்கத்தில் இருந்துகொண்டு ஓட்டத்தில் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே அழுதேன். "அடியே, ரோட்டுல ஆள் பாக்குது" என்றார்.

அடுத்த தடவை காட்டியபோது, தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது என் வீட்டுக்காரர் மெதுவாக நடக்கிறார், கடையில் உட்கார்ந்து எல்லோரையும் விரட்டுகிறார். ஆனால் அன்றைக்கு வண்டி குலுங்கியதா இல்லையா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. பாஸ் மெஷினைப் பார்த்து இல்லை என்கிறார். கொழுந்தனார் சத்தியம் பண்ணி இல்லை என்கிறார். வீட்டுக்காரரைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். அதைக் கண்டுபிடிக்கும் ஆசையை நானும் விட்டுவிட்டேன்; இப்போதெல்லாம் என் பக்கத்து சீட்டில் யாராவது கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் வந்தால், வண்டி எவ்வளவு வழுக்கிக்கொண்டு போனாலும் ஓரமாக நிறுத்தி, "வலிக்குதா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன்.