இடம் மாறியிருந்த மிதவை

படாளத்திலிருந்து கப்பலுக்குப் போன முதல் ஆள் ஜாய்ஸ். தாத்தா காலம் வரை அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில்தான் வேலை செய்தது. அப்பா ஜெபசிங் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். மகள் வெள்ளைச் சீருடையில் வந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலை விட்டு யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை.

இருபத்தொன்பது வயதில் அவள் ஒரு சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். வழி பார்ப்பது அவள் பொறுப்பு. அதே கப்பலில் மாலுமிகளுக்கு மேஸ்திரி மாதிரி இருந்தவர் செல்வராஜ், சதுரங்கப்பட்டினத்துக்காரர். வேலை நேரத்தில் அவளை "மேடம்" என்பார். சாப்பாட்டு நேரத்தில், "இன்னா பாப்பா, கொழம்புல காரம் பத்தலியா?" அவளுக்கு அவர் அண்ணா.

போன வருஷம் வளைகுடாவில் ஒரு காலை. புழுதி மூட்டத்தில் கரை தெரியவில்லை. அந்தப் பக்கம் யாரோ பொய் சிக்னல் அனுப்பி ஜி.பி.எஸ்ஸைக் குழப்புகிறார்கள், ரேடாரை வைத்துச் சரிபாருங்கள் என்று வானொலியில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. முந்தின நாட்களில் அது குழம்பியபோது கப்பல் பாலைவனத்துக்கு நடுவில் நிற்பதாகத் திரை காட்டியது, எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு அப்படியொன்றும் இல்லை. வரைபடத்தில் போட்ட கோட்டின் மேலேயே கப்பல் ஒழுங்காகப் போவதாகத் தெரிந்தது.

ரேடாரில் ஒரு மிதவை வந்தது. தண்ணீருக்கு அடியில் மணல்மேடு இருக்கிறது என்று காட்டப் போட்ட மிதவை. வரைபடத்தில் இருக்க வேண்டிய இடத்தை விட்டு நன்றாக விலகியிருந்தது. ஜாய்ஸ் பார்த்தாள். நீரோட்டம் அதைச் சங்கிலியோடு இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தாள். அப்படி நடப்பதும் உண்டுதான். கரையில் அசையாத கோபுரம் ஒன்றும் அதே ரேடாரில் இருந்தது. அதற்கு எவ்வளவு தூரம் என்று அளந்திருந்தால், விலகியது மிதவையல்ல, கப்பல்தான் என்று அப்போதே தெரிந்திருக்கும். அவள் அளக்கவில்லை. கேப்டனையும் கூப்பிடவில்லை.

கப்பல் மணலில் ஏறியது. மேலே நின்றவர்கள் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்கள். முன்தளத்தில் இரும்புப் படியில் இறங்கிக்கொண்டிருந்த செல்வராஜ் கீழே போய் விழுந்தார். இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது.

விசாரணை முடிந்து அவளுடைய சான்றிதழை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். செல்வராஜ் இனி கப்பல் ஏற முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஊருக்கு வந்ததும் ஜாய்ஸ் அவரைப் பார்க்கப் போனாள். கட்டிலில் சாய்ந்திருந்தவர் அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"அழுவாத பாப்பா. சாட்டிலைட்டே பொய் சொன்னா நீ இன்னா பண்ணுவ?"

அதோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"மிதவை தப்பான எடத்துல இருந்துச்சுண்ணா. ரேடார்ல பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். மிதவைதான் நகந்துடுச்சுன்னு நெனச்சேன்."

டீயோடு வந்த அவர் மனைவி கல்யாணி, டம்ளரை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். செல்வராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெயிலுக்கு முன்னாடி கெளம்பும்மா" என்றார். பாப்பா என்று சொல்லவில்லை.

இப்போது ஜாய்ஸ் வேறொரு கப்பலில் இருக்கிறாள். ஜி.பி.எஸ் என்ன சொன்னாலும் ரேடாரில் கரையை அளக்கிறாள், ஆழம் பார்க்கிறாள், அவை ஜி.பி.எஸ்ஸோடு ஒத்துப்போகாவிட்டால் கேப்டனை எழுப்புகிறாள். புதுக் கேப்டன் அவளை எல்லார் முன்னாலும் மெச்சிப் பேசினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு மதியம் சதுரங்கப்பட்டினத்துக்கு போன் போட்டாள். கல்யாணிதான் எடுத்தாள்.

"அவுரு தூங்கிகினு கீறாரும்மா."

பின்னால் அவர் இருமுவது கேட்டது. "சரிக்கா, அப்பறம் பண்றேன்" என்று ஜாய்ஸ் வைத்துவிட்டாள்.