கணவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவள்

சபையாரே, எனக்காக ஜெபித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள், என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தச் சாட்சி.

என் கணவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர். இதே சேரன்மகாதேவி ஆலயத்தில்தான் தாலி கட்டினார். பதினெட்டாம் நாள் வேலைக்குத் திரும்பினார். மனைவி என்ற முறையில் எனக்கு அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். ஒன்றரை வருடம் கழித்து மும்பையில் உள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் நேர்காணல்.

உண்மையான கல்யாணம்தான் என்று காட்ட, நாங்கள் போனில் அனுப்பிக்கொண்ட செய்திகளையும் கொடுக்க வேண்டியிருந்தது. கல்யாணச் சேலை எடுக்கும்போது இவர் பேசிய பேரத்தைப் பார்த்து, கடைக்காரரைக் கூப்பிடுவது போலக் கேலியாக அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். அதுவே நிலைத்துவிட்டது. அந்தச் செய்திகளைப் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். அண்ணாச்சி என்று வந்த எல்லா இடத்திலும் மூத்த சகோதரன் என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தார்கள். வாசித்துப் பார்க்காமல் அனுப்பியது நான்தான்.

இவர் உன் அண்ணனா என்று அதிகாரி கேட்டார். ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம் என்று போனவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. விண்ணப்பத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? ஆராதனை முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஆலய வாசலில் ஒரு அக்கா, "ஏட்டி, ஒங்க அண்ணன் எப்ப வாராராம்?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றோடு ஜெபத்தை விட்டேன். ஆலயத்துக்கு வந்தேன், உட்கார்ந்தேன், எழுந்து போனேன். அவ்வளவுதான்.

அம்மா விடவில்லை. முழங்கால் வலியோடு தினமும் காலையில் மண்டியிடுவாள். "ஆண்டவரே, எம்மவ நாக்கு தடுமாறுது. அவளுக்காகப் பேச ஒரு ஆள அனுப்பும்." இதே ஜெபம்தான். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வரும். பிப்ரவரியில் அம்மா போய்விட்டாள்.

ஜூலையில் மறுபடியும் மும்பைக்கு அழைத்தார்கள். இந்த முறை தமிழில் பேசுகிறேன் என்றேன். மொழிபெயர்க்க ஒரு பெண் வந்து நின்றார். அதே கேள்வி. நான் வாய் திறக்குமுன் அந்தப் பெண் சிரித்துவிட்டார்.

"எங்களுக்கு ராதாபுரம். எங்கப்பாவ ஊரே அண்ணாச்சின்னுதான் கூப்பிடும். எங்கம்மையும் அப்பிடித்தான் கூப்பிடுதா."

பிறகு அதிகாரிக்கு விளக்கினார். நாலு நிமிடத்தில் முடிந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டிவிட்டதால், அங்கே தங்குவதற்குத் தற்காலிக அட்டை இல்லை, நேரே நிரந்தர அட்டையாம். தாமதமும் நன்மைக்குத்தான் என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். அந்தத் தாமதத்தில்தான் என் அம்மா செத்தாள்.

அடுத்த வாரம் விமானம் ஏறுகிறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் பதில் கிடைத்தது என் ஜெபத்துக்கு அல்ல. ஆள் அனுப்பும் என்று கேட்டவள் அம்மா. ஆண்டவர் ராதாபுரத்துக்காரியையே அனுப்பினார். கேட்டவள்தான் பார்க்கவில்லை.

இப்போது நான் தினமும் ஜெபிக்கிறேன். உங்களில் யாருக்காவது ஜெபிக்க வாய் வரவில்லை என்றாலும் அவரை நம்புங்கள். உங்களுக்காக வீட்டில் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் போய் மண்டியிடுங்கள். நான் அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டதோடு சரி.