அக்கா வீட்டு வாசல் வழி

எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரு ரோடு உண்டு. மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும். அதில் யார் நடப்பார்கள்? பக்கத்து வீட்டு அக்காவின் வாசலைக் குறுக்கே கடந்து மிளகுத் தோட்டத்துக்குள் இறங்கினால் பொசுக்கென்று பஸ்ஸைப் பிடித்துவிடலாம். கல்யாணமாகி மலைமேல் இருக்கும் இந்தத் திண்ணனூர் நாட்டுக்கு வந்த நாள் முதல் நானும் அப்படித்தான் போனேன்.

ஆனால் அக்கா சும்மா போக விடுவாளா? காயப்போட்ட சாமையைக் காலால் கிளறிக்கொண்டே, "என்ன கண்ணு, தூரமா?" என்பாள். சந்தைக்கு என்றால் என்ன வாங்க, ஆஸ்பத்திரிக்கு என்றால் யாருக்கு என்ன என்று எல்லாவற்றையும் கறந்துவிடுவாள். அவளால் எத்தனை பஸ்ஸை விட்டிருக்கிறேன்! வாய்க்கு வந்தபடி திட்டியும் இருக்கிறேன். அவளோ ஒரு பலாச்சுளையைக் கையில் திணித்து, "அடுத்த பஸ்ஸு வராமயா போயிரும்?" என்பாள். இப்போது அக்கா இல்லை. பஸ்ஸெல்லாம் நேரத்துக்குக் கிடைக்கிறது, அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து அக்கா இடுப்பை முறித்துக்கொண்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரே மகன் கையோடு கூட்டிப்போக வந்தான். மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று அக்கா ஒரே பிடி. கடைசியில் அடிவாரத்து டிரஸ்ட் ஒன்று வழி சொன்னது. வீட்டை அவர்களிடம் விட்டால் முதியோர் இல்லமாக மாற்றுவார்கள். அக்காவோடு, துணையில்லாத இன்னும் சிலரையும் இலவசமாகப் பார்த்துக்கொள்வார்கள். மகன் அரைமனதாகத் தலையாட்டினான்.

"பொங்க வரைக்கும் பாப்பம், அம்மா. ஒத்துவரலீன்னா எங்கூடக் கெளம்பிரோணும்."

வாசற்படியை இடித்துச் சரிவாக்கினார்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தார்கள். வாசலுக்குச் சிமெண்ட் போட்டு, காயும்வரை யாரும் நடக்கக் கூடாது என்று கயிறு கட்டினார்கள். அன்றைக்குத்தான், இல்லத்தில் சேர்ந்திருந்த ஞாபகமறதி உள்ள ஒரு பெரியவர் பின்பக்கமாக நழுவிவிட்டார். மரவள்ளிக் காட்டுக்குள் அவரைக் கண்டுபிடிப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இல்லத்தைக் கவனிக்க வந்த நாமக்கல் பக்கத்துப் பெண் நல்லவள்தான், பயந்துபோனாள். சுற்றிலும் கம்பிவேலி, கேட், பூட்டு. நாங்கள் ரோட்டிலேயே சுற்றி நடக்க ஆரம்பித்தோம்.

கொஞ்ச நாளில் அக்கா சோற்றைக் குறைத்தாள். பார்க்கப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"பையனுக்குப் போன் போட்டுட்டேன் கண்ணு. வந்து கூட்டிட்டுப் போவட்டும். மனுச மூஞ்சி பாக்காம கெடக்கறதுக்கு எந்த ஊடா இருந்தா என்ன?"

எனக்கு அழுகை முட்டியது, கோபம் அதற்கு மேல். மலையை விட்டு இறங்கினால் இவள் தேற மாட்டாள். நேரே அந்தப் பெண்ணிடம் போய்க் கத்தினேன்.

"வழியத் தொறந்து உடுங்க!"

"பெரியவரு மறுபடி போயிட்டா யாருங்க பதில் சொல்றது?"

"அவரு போனது என்னிக்குங்க? ஊரு சனம் வாசல்ல நடக்காத அன்னிக்கித்தான? நாங்க போக வர இருந்தா எங்க கண்ணுல படாம எங்க போவாரு?"

அவள் சாவியை எடுத்தாள். "சரிங்க, பகல்ல மட்டும். ஏதாச்சும் ஆச்சுன்னா பூட்டிருவேன்."

பஸ்ஸுக்கு நிற்பவர்கள், ரேஷன் கடையில் நிற்பவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. நாளையிலிருந்து எவராவது ரோட்டில் போனால் நடப்பதே வேறு என்று மிரட்டிவிட்டு வந்தேன்.

மகன் வேன் எடுத்துக்கொண்டு வந்த அன்று வாசலில் சந்தைக் கூட்டம். மிளகு மூட்டைக்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆடு ஓட்டிப் போகிறவள் எல்லோரையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி அக்கா நிறுத்தி வைத்திருந்தாள். வாய் பேச்சில் இருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரின் துண்டு நுனியை அவள் கை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் எழுந்தபோதெல்லாம் ஒரு இழு இழுத்து, "உக்காருங்க, டீ வருது" என்றாள்.

மகன் அவள் பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு வந்து, "போலாமா அம்மா?" என்றான்.

"நீ போயிட்டு வா சாமி. நானும் வந்துட்டா இவர யாரு பாக்கறது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினேன். அவன் போய்ப் பெட்டியை இறக்கினான்.