நாலாவது ஆள்

மூன்று பேர் சேர்ந்து நின்று போட்டோ எடுத்தால் எங்கள் அம்மாவுக்கு ஆகாது. மூவரில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்பார். அக்கா, அத்தான், அவர்கள் மகள் என்று எண்ணினால் சரியாக மூன்று பேர். அத்தானுக்குக் கத்தாரில் வேலை. அவர் லீவில் அறந்தாங்கிக்கு வரும்போதெல்லாம் கேமராவும் கையுமாகப் போய் நிற்பவள் நான். நான் பொத்தானை அழுத்தப் போகும் நேரம் பார்த்து அம்மா யாரையாவது நாலாவது ஆளாக நிறுத்திவிடுவார். ஒரு வருஷம் எதிர் வீட்டம்மா. அடுத்த வருஷம் கேஸ் சிலிண்டர் போட வந்தவர். அவர் கண்ணாடி பார்த்துத் தலை சீவிக்கொண்டு வேறு வந்து நின்றார். நாலு பேரில் அவர்தான் லட்சணமாக விழுந்திருந்தார். கத்தாரில் ரூமில் இருப்பவர்கள் அந்தப் போட்டோவைப் பார்த்து, "இது ஒங்க மச்சினரா?" என்று கேட்டார்களாம்.

அம்மாவைச் சும்மா சொல்லக்கூடாது. அப்பாவும் அம்மாவும் சின்னப் பிள்ளையாக அக்காவும் நிற்கும் போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை எடுத்த வருஷமே அப்பா விபத்தில் போய்விட்டார். நான் அப்போது தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தேனாம். "அன்னைக்கு ஒன்னையவும் தூக்கி வச்சிருந்தா நாலு பேரா ஆகியிருக்கும்" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். தூங்கினதுக்கு என்மேல் கேஸ் போடுங்களேன் என்று நானும் கிண்டல் செய்வேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும்.

இந்த முறை லீவு முடிய ஒரு நாள் இருக்கும்போது அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க மூணு பேரு மட்டும் இருக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோடி. அதுல வேற மூஞ்சியே இருக்கக் கூடாது." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் அம்மாவிடம் போய், ரேஷன் கடையில் பாமாயில் போடுகிறார்களாம் என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னேன். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் நாங்கள் மாடிக்கு ஏறினோம். அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். "விசாவுக்கா எடுக்குறோம் அத்தான்? கொஞ்சம் அக்கா பக்கம் சாயுங்க" என்றேன். அவர் வெட்கப்பட்டுச் சிரிக்க, அக்கா சிரிக்க, பாப்பாவும் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பு என் கேமராவில் விழுந்ததில்லை. பொத்தானை அழுத்தினேன்.

அழுத்திய அதே நொடியில், படியேறி ஓடிவந்த அம்மா பாப்பாவின் தலையில் கையை வைத்துவிட்டார்.

"கடை பூட்டிக் கெடக்கு. பாமாயில் போடுறாங்கன்னு ஒனக்கு எவன் சொன்னது?" என்று மூச்சு வாங்கக் கேட்டார். நான் லென்ஸைத் துடைக்கும் வேலையில் மும்முரமாகிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை எடுத்தும் அந்தச் சிரிப்பு திரும்பி வரவில்லை.

சாயங்காலம் நானும் அக்காவும் பிரிண்ட் போட ஸ்டூடியோவுக்குப் போனோம். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அம்மாவின் உடம்பு ஓரத்துக்கு வெளியே நின்றுவிட்டது. இரண்டு வளையல் போட்ட ஒரு கை மட்டும் பாப்பாவின் தலைமேல் இருந்தது.

"ரெண்டே நிமிசம் மேடம், கைய அழிச்சிரலாம்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அம்மாவை ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. "அழிச்சிருங்க" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "வேணாம்டி."

"நீதானே மூணு பேரா வேணும்னு அழுதே?"

"அழுதேன்தான். நாளைக்குப் போறாருல்ல. நல்லபடியாத் திரும்பி வரணும். கை இருந்துட்டுப் போகட்டும்."

இத்தனை வருஷம் அம்மாவைக் கிண்டல் செய்த நானே அப்படியே பிரிண்ட் போடச் சொன்னேன். ஈரம் காயாத படத்தை ஸ்டூடியோக்காரர் என் கையில் கொடுத்ததும், யாருக்கும் தெரியாமல் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். கையையும் சேர்த்தால் நாலு.