கஸ்பாரின் கல்

எர்மெலிந்தா ஓரிடத்தில் உட்கார்ந்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையிலும் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் இருப்பாள். சோளமும் பயறும் வேகவைத்த கஞ்சியைக் கிண்ணத்தோடு கையில் பிடித்துக்கொண்டு, அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே குடித்து முடிப்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று கேலி செய்வோம். அப்படிப்பட்டவளைப் போய் ஊர்த்தலைவியாகத் தேர்ந்தெடுத்தோம். அப்புறம் ஊரும் சும்மா இருக்க முடியவில்லை.

சாலையைக் கொண்டுவந்தவள் அவள்தான். கடலுக்கடியில் எடுக்கும் எண்ணெயின் காசு இந்தத் தென்கரைக்குச் சாலையாக வரும், சாலை வந்தால் துறைமுகம் வரும், துறைமுகம் வந்தால் வேலை வரும் என்று தலைநகர் டிலியிலிருந்து வந்த கட்சிக்காரர்கள் மேடை போட்டுப் பேசிவிட்டு வண்டியேறிப் போனார்கள். அவர்கள் பேச்சை எங்களில் பாதிப் பேர் அப்போதே மறந்துவிட்டோம். எர்மெலிந்தா மறக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"நம்ம புள்ளைங்க எத்தனை காலத்துக்குக் கொரியாவுல போய் மீன் வெட்டிக்கிட்டுக் கிடக்கும்? கொய்யாத் தோப்பு போனா மறுபடி வெச்சுக்கலாம். ரோடு போயிட்டா திரும்ப வருமா? கையெழுத்தப் போடுங்க!"

போட்டோம். நாலு வண்டி ஒரே நேரத்தில் போகக்கூடிய சாலை வந்தது. கண்ணாடிபோல இருந்தது, ஊரே மூக்கின்மேல் விரல் வைத்தது. ஆனால் கொஞ்ச தூரம் ஓடி, புளியமரங்களுக்கு நடுவில் திடீரென்று நின்றுபோனது. ஓட வண்டிகளும் இல்லை. எருமைகள் வெயில் சாய்ந்ததும் அதில் வந்து படுத்துக்கொண்டன. பெண்கள் சோளம் காயப்போட்டார்கள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த நெற்களம் என்று பொனிபாசியோ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவன் எர்மெலிந்தாவின் செத்துப்போன கணவனுக்குத் தம்பி. சொந்தமாக ஒரு திறந்த லாரி வைத்திருந்தான். அடுத்த தேர்தலில் அண்ணியை எதிர்த்து நிற்கப்போவதாக அண்ணி வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே அறிவித்தவன்.

"இரு, மிச்ச ரோடும் வரட்டும். அப்ப ஒன் பல்லு எங்க போவுதுன்னு பாக்குறேன்" என்றாள் அவள்.

மிச்சச் சாலைக்கும் உத்தரவு வந்தது. அது எங்கள் கல்லறைத் தோட்டத்தின் வழியாகப் போக வேண்டுமாம்.

அளந்துபோக வந்த அதிகாரியின் பெயர் லூரென்சு. மரியாதை தெரிந்த பையன், ஆனால் அவசரக்காரன். ஒவ்வொரு குழியாகத் திறந்து எலும்புகளைப் புதுப் பெட்டியில் வைத்து மேட்டுப்பக்கப் புது நிலத்துக்குக் கொண்டுபோக எல்லா ஏற்பாடும் அரசு செய்யும் என்றான். பாதிரியாரும் சரி என்றார். மழைக்கு முன்னால் முடிய வேண்டும், மந்திரி வருகிறார் என்றான். பிறகு ஒரு சிலுவையின் முன்னால் வந்து நின்றான். கஸ்பாரின் சிலுவை.

"இதுல எலும்பு இல்லன்னு சொல்றாங்களேம்மா?"

"இல்ல" என்றாள் எர்மெலிந்தா. "கல்லு இருக்கு."

"அப்ப இது கல்லறைக் கணக்குல வராதே."

அவள் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றாள்.

கஸ்பார் அவளுக்கு ஒரே தம்பி. சுதந்திரம் வேண்டும் என்று நாங்கள் ஓட்டுப் போட்ட வருஷம், வீடுகள் எரிந்த அந்த மாதத்தில், சுதந்திரத்தை எதிர்த்த ஆயுதக்காரர்கள் ஆண்களையும் பெண்களையும் லாரிகளில் ஏற்றி மேற்கே எல்லைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோனார்கள். எல்லையிலிருக்கும் மோத்தாமாசின் பாலத்துக்குப் பக்கத்துப் புதரில் ஒளிந்திருந்த எர்மெலிந்தா, பாலம் ஏறிய லாரி ஒன்றின் பின்னால் தம்பி நிற்பதைப் பார்த்தாள். அவன் கையைத் தூக்கினான். அவளைப் பார்த்துத்தான் தூக்கினானா, பிடித்துக்கொள்ளக் கம்பியைத் தேடினானா, அவளுக்கு இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் அவன் இல்லை. போனவர்களில் திரும்பியவர்கள் உண்டு, அங்கேயே தங்கிக் குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு, குழி தெரியாமல் போனவர்களும் உண்டு.

உடல் கிடைக்காதவனை எங்கள் ஆட்கள் அப்படியே விட்டுவிட மாட்டார்கள். அவன் விளையாடிய ஓடையிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து, மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான். வராவிட்டால் அந்தக் கல்தான் அவன். துணியில் சுற்றி, சிலுவை நட்டுப் புதைத்துவிடுவார்கள். சில வருஷம் காத்திருந்துவிட்டு அவர்கள் அம்மா அப்படித்தான் கூப்பிட்டாள். எர்மெலிந்தா அன்றைக்கு அங்கே இல்லை. கடற்கரைக்கு ஓடிப்போய் இருட்டும்வரை நடந்துகொண்டிருந்தாள்.

ஊரோடு சேர்ந்து ஒரு வருஷம் கறுப்பு உடுத்தினாள், கறுப்பைக் கழற்றினாள், விருந்தும் வைத்தாள். ஆனால் மனசு ஆறவில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் அத்தம்புவாவில் இருக்கும் ஒலாந்தினா என்கிற பெரியம்மா மகள் அவ்வப்போது போன் செய்வாள். சந்தையில் கஸ்பார் சாயலில் ஒருத்தன் மீன் விற்கிறான் என்பாள், அடுத்த முறை அவன் இல்லை என்பாள். அதனால் எர்மெலிந்தா போனை முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். அதன் கண்ணாடி நொறுங்கி யார் பேர் வருகிறதென்றே தெரியாது, எடுத்தால்தான் தெரியும். கண்ணாடியை மாற்றச் சொன்னால், கடைக்காரன் கையில் ஒரு நாள் கொடுத்துவைக்க மாட்டேன் என்பாள்.

இப்போது வேறொரு சிக்கல் வந்தது. கஸ்பார் பிறந்தது ஊரின் மூத்த வீட்டில், அதற்கு ஒரே ஆண் வாரிசு. எங்கள் வழக்கப்படி எதிலும் மூத்த வீடு முன்னால் போக வேண்டும், இளைய வீடுகள் பின்னால் வர வேண்டும். இடம் மாறுகிற பிணங்களுக்கும் அதே வரிசைதான். கஸ்பார் போய்ச் சேராமல் வேறெந்தக் குழியையும் தொடக்கூடாது என்று வாக்குக்காரர் செரான் சொல்லிவிட்டார். முன்னோர் வீட்டின் சார்பில் பேச வேண்டியதையெல்லாம் பேசுகிறவர் அவர். வெற்றிலையை மென்றுகொண்டே முறையையும் சொன்னார்.

"கூடப்பொறந்தவதான் தூக்கணும். தூக்கினதுலேருந்து எறக்கி வெக்கிற வரைக்கும் உசுரோட இருக்கிற யார்கிட்டயும் பேசக்கூடாது. பேசினா, தன்னத் திரும்பக் கூப்புடுறாங்கன்னு நெனச்சு அவன் எறங்கிடுவான். அப்புறம் எடுத்த எடத்துலேருந்தே மறுபடியும் மொதல்லேருந்து."

"பேசாம இருக்கறதா? அண்ணியா?" என்றான் பொனிபாசியோ. "அதுக்கு ரோட்ட வளைச்சுக் கொண்டுபோறது சுலபம்."

குறித்த நாளன்று காலையில் செரான் மண்ணை விலக்கினார். துணி மக்கிப்போயிருந்தது, கல் அப்படியே இருந்தது. தேங்காய் அளவுதான். எர்மெலிந்தா அதைப் புதுக் கைத்தறித் துண்டில் வாங்கிக்கொண்டாள். பொனிபாசியோ லாரியின் முன்கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறி, கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தே விட்டாள்! பின்னால் நின்ற பெண்கள் அழுதுகொண்டே அதைப் பார்த்தார்கள்.

மேட்டு நிலத்துக்குப் பெரிய சாலை வழியாகத்தான் போக வேண்டும். லாரி குலுங்காமல் போனது. எருமைகளைக் கண்டதும் பொனிபாசியோ ஹாரனை அடிக்காமல் சுற்றிப் போனான், நல்லவன்தான். அப்போது அவள் இடுப்பில் போன் அடித்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. போன் நின்றது. உடனே மறுபடி அடித்தது. எத்தனையோ நாளாக அடிக்காத போன் தம்பியைத் தூக்கிப்போகிற நேரத்தில் அடித்தால் ஒரு அக்கா என்ன நினைப்பாள்? அவள் ஒரு கையைக் கல்லிலிருந்து எடுத்தாள்.

"கஸ்பாரா?" என்றாள்.

"லூரென்சு பேசுறேம்மா. கல்ல எடுத்தாச்சில்ல? எடம் காலிதானே?"

பொனிபாசியோ பிரேக்கை மிதித்தான். பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். லாரியைத் திருப்பினார்கள்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது கஸ்பாரின் குழி இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது. எலும்பில்லாத இடம்தானே, அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று மண்வாரி இயந்திரத்துக்கு உத்தரவு போய்விட்டிருந்தது. ஓட்டுகிறவன் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. மறுபடி ஆரம்பிக்க வேண்டிய இடம் பூமியில் இல்லாமல் போய்விட்டது.

அவள் கல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் நாற்காலியில் வைத்தாள். காலையில் அதன்முன் காப்பி வைத்தாள், மதியம் ஒரு தட்டில் சோறு. அவள் மட்டும் நடந்தாள். கிணற்றுக்கும் சாலைக்கும், சாலைக்கும் கோயிலுக்கும். மற்றக் குடும்பங்கள் தங்கள் குழிகளைத் தொடவிடவில்லை. மூத்தவன் போகவில்லை, நாங்கள் எப்படி அனுப்புவது என்றார்கள். இயந்திரங்கள் புளியமரத்தடியில் தூங்கின. லூரென்சு தினமும் வந்தான், மன்னிப்புக் கேட்டான், மந்திரி வரும் தேதியைச் சொன்னான், போனான்.

சாலையோரத்தில் ஆட்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ரோட்டைக் கொண்டுவந்தவளே ரோட்டை நிறுத்திவிட்டாள் என்றார்கள். பொனிபாசியோவுக்கு ஓட்டு கூடிக்கொண்டு போனது. அவனோ அதில் சந்தோஷப்படவும் தெரியாமல், சாயங்காலமானால் அண்ணி வீட்டு வேலியில் சாய்ந்து நின்றான்.

கடைசியில் அவளே செரானிடம் போனாள்.

"எடம் இல்லன்னா என்ன வழி, பெரியப்பா?"

"அவன் நின்ன எடம் இன்னொண்ணு இருக்குல்ல. நீ கடைசியாப் பாத்த எடம். அங்கேருந்து கூப்புடு. நீதான் கூப்புடணும், ஒங்கம்மாதான் இப்ப உசுரோட இல்லியே."

அவள் நடப்பதை நிறுத்தினாள்.

"பாலத்துல நின்னு கூப்புட்டா... அந்தப்பக்கத்துலேருந்து யாராவது பதில் சொன்னா?"

"நல்லதுதானே."

"சொல்லாட்டி?"

செரான் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

மோத்தாமாசினுக்குப் போன அன்று லாரியில் ஊரே ஏறியது. எல்லைக் காவலர்கள் விஷயம் தெரிந்ததும் ஒதுங்கி நின்றார்கள், அவர்கள் வீடுகளிலும் கல் புதைத்திருப்பார்கள். பாலத்தின் பாதி வரை போக விட்டார்கள். கீழே ஆறு வற்றிப்போய் மணலாகக் கிடந்தது. அந்தக்கரையிலும் நம் மொழிதான், நம் சோளம்தான். அங்கே ஒரு கடையில் யாரோ கோழிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

எர்மெலிந்தா கல்லை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கஸ்பார்!" என்றாள். குரல் எழும்பவில்லை.

"கஸ்பார்!" அந்தக்கரையில் பேச்சு நின்றது. கடைக்காரன் வெளியே வந்து பார்த்தான். எங்கள் எல்லார் கண்ணும் அந்தச் சாலைமேலேயே இருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது, திரும்பிப் போனது.

மூன்றாவது முறை அவள் உடனே கூப்பிடவில்லை. நெடுநேரம் நின்றாள். அவளை நான் அத்தனை அசையாமல் பார்த்ததே இல்லை. கூப்பிடாமலே திரும்பிவிடுவாளோ என்று பயந்தோம், திரும்பிவிட்டால் என்ன என்றும் தோன்றியது.

"கஸ்பாரு! அக்காடா! வந்துருக்கேன்டா!"

காற்று அடித்தது. அவ்வளவுதான். செரான் பத்து மூச்சு விட்டுவிட்டு அவள் தோளைத் தொட்டார். அவள் பாலத்துச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷத்து அழுகை. பிறகு கல்லைத் துடைத்து, துண்டில் சுற்றி, எழுந்தாள்.

திரும்பி வருகிற வழியில், பெரிய சாலையில் லாரி ஏறியதும் போன் அடித்தது. அது நின்றது. மறுபடி அடித்தது. அவள் இரண்டு கையாலும் கல்லைப் பிடித்திருந்தாள், ஒரு கையும் எடுக்கவில்லை. மேட்டு நிலம் வரும்வரை அது விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது.

குழியில் இறக்கி, மண் போட்டு, சிலுவை நட்டு, மெழுகுவத்தி ஏற்றியான பிறகு பொனிபாசியோவால் அடக்க முடியவில்லை.

"எடுத்திருக்கலாமே அண்ணி. ஒருவேள அவனா இருந்திருந்தா?"

அவள் மண்ணைக் கையால் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"அவனத்தான் மடியில வெச்சிருந்தேனேடா. அப்புறம் எவன் கூப்பிட்டா எனக்கென்ன?"

சொல்லிவிட்டு அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் மற்றவர்கள் தங்கள் பெட்டிகளோடு வரிசையாக ஏறி வந்தபோதும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.