காரணம்: பயம்

விதி இதுதான்: வருடத்தில் முக்கால் பங்கு நாளாவது வகுப்புக்கு வராதவன் பரீட்சை எழுத முடியாது. விலக்கு வேண்டுமானால் பிரின்சிபால் வழியாக யூனிவர்சிட்டிக்கு மனு. காரணங்கள் இரண்டு: நோய், வீட்டில் சாவு. மூன்றாவது ஒன்று இருக்கக்கூடும் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

முப்பதுகளில் மதுரைக் கல்லூரி ஒன்றில் நான் ஹெட் கிளார்க். இண்டர்மீடியட் முதல் வருட மாணவன் கருப்பையா மனுவோடு வந்தான். அலங்காநல்லூர்ப் பக்கம், குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன். வருடம் வீணானால் அப்பா ஏர் பிடிக்கக் கூப்பிட்டுக்கொள்வார். காரணம் என்ற இடத்தில் ‘பயம்’ என்று எழுதியிருந்தான்.

“காய்ச்சல்னு எழுதுப்பா. டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக்கலாம்.”

“காய்ச்சல் வரலைங்களே, சார்.”

அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரைப் புரட்டினேன். தசரா விடுமுறை வரை பெரும்பாலான நாள் ஆப்சென்ட். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லை. பயம் எப்படி ஒரே நாளில் போனது? அதைக் கேட்பது என் வேலை அல்ல. கேட்டேன்.

இங்கிலீஷில் நடந்த பாடம் எதுவும் விளங்காமல் வைகை மணலில் போய் உட்கார்ந்திருந்தானாம். தசராவுக்குப் பிறகு முதல் நாள், வகுப்பில் திருமங்கலத்துப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“என்னடா சொன்னான், அவன்?”

“‘மாப்ள, எனக்கும் ஒரு எழவும் வெளங்கல. ரெண்டு பேரும் சேந்தே முழிப்போம்’னான், சார்.”

அவ்வளவுதான் மருந்து. அதுவரை, கெட்டிக்காரன் தாக்குப்பிடிப்பான், மற்றவன் ஓடுவான் என்று நினைத்திருந்தேன். தனக்கு மட்டும்தான் விளங்கவில்லை என்று நம்புகிறவன்தான் ஓடுகிறான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பிரின்சிபால் மனுவைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். பயத்தைக் காரணமாகக் காட்டக்கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை என்று பக்கத்தைத் திறந்து வைத்தேன். கையெழுத்துப் போட்டார். தசராவுக்குப் பிந்தைய வருகைப் பட்டியலையும் இணைத்து அனுப்பினேன். இரண்டு நினைவூட்டல்கள் போயின. பதில் இல்லை. கருப்பையாவும் திருமங்கலத்துப் பையனும் தினமும் லைப்ரரியில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தார்கள்.

“பதில் வரலைன்னா என்னப்பா செய்வே?”

“வர்ற வரைக்கும் படிக்கலாம்ல, சார்.”

பரீட்சை மார்ச் பதினெட்டு. விலக்கு அளித்து, காரணத்தை ‘நோய்’ என்று திருத்தி, பதில் வந்து சேர்ந்தது மார்ச் பதினேழு.